குடியிருந்தவர்கள் போன பின்

ராஜாஜி சாலையின் வடகோடியில், துறைமுக மதிலை ஒட்டி, கிளைவ் பேட்டரி என்றொரு பேருந்து நிறுத்தம் உண்டு. ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போகிறவர்களுக்குப் பழகிய பெயர். கடலைப் பார்த்துப் பீரங்கிகள் நின்ற அரண் அது. அதே குடும்பப் பெயரைத் தாங்கிய வீடு ஒன்று அங்கிருந்து தெற்கே, புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்னும் நிற்கிறது. கிளைவ் மாளிகை என்றும் அட்மிரால்டி மாளிகை என்றும் சொல்வார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகம் இப்போது அதில்தான் நடக்கிறது. நினைவுச்சின்னங்களைக் காக்கும் துறையே ஒரு நினைவுச்சின்னத்துக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறது.

வாழ்வதற்கென்று கட்டிய மாளிகைகள் அரசு அலுவலகங்களாக மாறிய கதை சென்னைக்குப் புதிதல்ல. ஆளுநர் வீடு தலைமைச் செயலகமானது. நவாபின் அரண்மனை வருவாய் வாரியமானது. இந்த மாற்றம் கட்டடங்களைக் காப்பாற்றியதா, அழித்ததா என்று கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வரும். கோப்பு அலமாரிகளும் ஒட்டுப்பலகைத் தடுப்புகளும் மாளிகைகளைச் சீரழித்துவிட்டன என்பது பாரம்பரிய ஆர்வலர்களின் குறை. அலுவலகம் இருந்ததால்தான் கட்டடமே மிஞ்சியது என்பது அரசுத் தரப்பு. இரண்டுக்கும் சான்று இருக்கிறது. ஆனால் சென்னைக் கட்டடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அலுவலகமா இல்லையா என்பதைவிட, அந்தக் கட்டடம் யாருடைய பொறுப்பு, வருடா வருடம் அதற்குச் செலவு செய்வது யார் என்பதே அதன் ஆயுளைத் தீர்மானித்திருப்பது தெரிகிறது.

பழையதிலிருந்து தொடங்குவோம். கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ல் இந்த மணல் கரைக்கு உரிமை பெற்று, 1640-ல் கோட்டையின் முதல் பகுதியைக் கட்டியபோது, நடுவில் எழுப்பியது தலைவரின் வீட்டைத்தான். கம்பெனிக்காரர்களின் சாப்பாடு, படுக்கை, கணக்கு, ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. 1690-களில் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிய கோட்டை வீட்டைக் கட்டினார்கள். இன்றைய தலைமைச் செயலகக் கட்டடத்தின் உட்கரு அதுதான். பிற்காலத்தில் இரு பக்கமும் கட்டடங்கள் நீண்டன, முன்னால் சட்டமன்ற மண்டபம் வந்தது. முதலமைச்சர் அறையும் அமைச்சரவைக் கூட்டமும் இருக்கிற இடம், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆளுநரின் வீடு.

இது ஒரே நாளில் ஆணை போட்டு நடந்த மாற்றமல்ல. ஆளுநர்கள் கோட்டைக்குள் அலுவல் பார்த்துவிட்டு, வெளியே தோட்ட வீட்டில் காற்று வாங்கப் போனார்கள். முதலில் ஓய்வுக்குப் போன இடம் மெல்ல மெல்ல நிரந்தர இருப்பிடமானது. கோட்டை வீட்டில் வேலை மட்டும் தங்கிவிட்டது. அப்படி விட்டுப் போனபோதும் அரசாங்கத்தின் தலைமை அங்கேயே உட்கார்ந்திருந்ததால் அந்தக் கட்டடம் ஒருபோதும் அநாதையாகவில்லை. ஒழுகினால் அன்றே தெரியும், தெரிந்தால் மறுநாளே ஆள் வரும்.

சட்டமன்ற முகப்பின் கறுப்புத் தூண்களை ஒருமுறை கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பல்லாவரம் பக்கத்துக் கருங்கல் வகை, கை வைத்தால் வழுக்கும் அளவுக்குப் பளபளப்பு. 1730-களில் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், கோட்டை வீட்டிலிருந்து கடல் வாசல்வரை நடைபாதைக்காக நிறுத்தியவை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1761-ல் புதுச்சேரி விழுந்தபோது ஆங்கிலேயர் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1910-ல் புதிய மண்டபம் எழுந்தபோது அவற்றில் இருபது மீண்டும் நிறுத்தப்பட்டன. இரண்டு போர்களைக் கடந்து ஊர்விட்டு ஊர் போய் வந்த கல், இன்று உறுப்பினர்கள் நுழையும் வாசலில் நிற்கிறது. புழக்கத்தில் இருக்கும் கட்டடம் தன் பழைய பொருளை வீணாக்காமல் எப்படிச் சேர்த்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று சென்னையில் இல்லை.

கிளைவ் மாளிகையின் கதையில் ஒரு வலி இருக்கிறது. அது ஷாமியர் என்ற ஆர்மீனிய வணிகக் குடும்பத்தின் வீடு. 1749-ல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியதும், பிரெஞ்சுக்காரர்களுக்கு அனுசரணையாக இருந்தார்கள் என்ற சந்தேகத்தில் ஆர்மீனியரையும் கத்தோலிக்கரையும் கோட்டைக்குள்ளிருந்த வெள்ளையர் நகரிலிருந்து வெளியேற்றினார்கள். சார்லஸ் தெருவின் இந்தப் பெரிய வீடு கம்பெனியின் கைக்குப் போனது. ராபர்ட் கிளைவ் 1753-ல் பக்கத்துப் புனித மரியாள் தேவாலயத்தில் திருமணம் செய்துகொண்டார். அந்த வீட்டில் அவர் இருந்தது கொஞ்ச காலம்தான். கடற்படைத் தளபதிகள் தங்கினார்கள், கடல்சார் வழக்குகளுக்கான நீதிமன்றத்தோடு சேர்த்துப் பெயர் வந்தது, ஆளுநரின் விருந்துகள் நடந்தன, கணக்கு அலுவலகம் வந்தது, கடைசியில் தொல்லியல் துறை வந்தது. முன்னே வாழ்ந்தவர்களின் பெயர் போய், சிறிது காலம் தங்கியவரின் பெயர் நிலைத்துவிட்டது. அலுவலகப் பலகையில் ஷாமியர் பெயரையும் எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. வரலாற்றுக்குக் கடன் தீரும்.

அதே கோட்டைக்குள் வெல்லெஸ்லி மாளிகை இருக்கிறது. பின்னாளில் வாட்டர்லூவில் வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி இங்கிருந்த காலத்தில் வாழ்ந்த வீடு. அதற்குத் தொடர்ந்த பயன்பாடும் இல்லை, பராமரிப்பும் இல்லை. 1980-ல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இரண்டு மாளிகைகளும் ஒரே மதிலுக்குள், ஒரே உப்புக் காற்றில் நிற்பவை. ஒன்றில் தினமும் கதவைத் திறந்து மூட ஆள் இருந்தது, மற்றதில் இல்லை. சுவரில் முளைத்த செடியைப் பிடுங்கிவிட ஒரு கை போதும், அந்தக் கை இல்லாவிட்டால் ஆலஞ்செடி வேர் விட்டு மாடியைப் பிளந்துவிடும். கோட்டையின் இடம் ராணுவம், மாநில அரசு, தொல்லியல் துறை என்று மூவரிடையே பிரிந்து கிடப்பதும் ஒரு காரணம். மூன்று பேருக்குப் பொதுவான சுவரை யார் பூசுவது என்பது அலுவலக உலகில் தீராத கேள்வி.

ஆளுநரின் தோட்ட வீட்டுக்கு நேர்ந்தது இன்னொரு வகை முடிவு. பழைய தோட்ட வீட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்துவிட்டதால், 1753-ல் அந்தோனியா மதேய்ரோஸ் என்ற பெண்மணியிடமிருந்து திருவல்லிக்கேணி எல்லையில், கூவம் கரையில் ஒரு வீட்டைக் கம்பெனி வாங்கியது. விலை 3,500 பகோடா. 1798 முதல் 1803 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன், அதை விரிவாக்கினார். பக்கத்தில் ஜான் கோல்டிங்காம் என்ற வானியலாளரைக் கொண்டு விருந்து மண்டபம் கட்டினார். அதுவே இன்றைய ராஜாஜி மண்டபம். விடுதலைக்குப் பின் ஆளுநர் கிண்டியிலிருந்த இன்னொரு வீட்டுக்கே போய்விட்டார். பழைய வீட்டு வளாகத்தில் அரங்கமும் சட்டமன்ற உறுப்பினர் விடுதியும் வந்தன. வீட்டுக்கென்று தனி வேலை எதுவும் மிஞ்சவில்லை. 2008-ல் புதிய சட்டமன்ற வளாகத்துக்கு இடம் தேவைப்பட்டபோது, எதிர்ப்புகளை மீறி அந்த வீடு இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் எழுந்த வளாகம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2011-ல் ஆட்சி மாறியதும் சட்டமன்றம் கோட்டைக்குத் திரும்பியது. 2014 முதல் அது பன்னோக்கு மருத்துவமனை. மருத்துவமனையால் ஏழைகள் பிழைக்கிறார்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் ஓராண்டு சட்டமன்றத்துக்காக இரண்டரை நூற்றாண்டு வீட்டை இழந்தது சென்னை. அதை எந்தக் கணக்கிலும் நேர் செய்ய முடியாது.

இனி சேப்பாக்கம். இந்தக் கேள்வி முழுவதையும் தனக்குள் வைத்திருக்கும் கட்டடம் அது. வடசென்னைக்கும் அதற்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது.

பழைய வண்ணாரப்பேட்டையில் மாடிப் பூங்கா என்று ஒரு மேட்டுப் பூங்கா உண்டு. மேலே நடக்கிறவர்களின் காலடியில் இருப்பது, கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரைச் சுற்றியிருந்த மதிலின் எச்சம். ஹைதர் அலியின் குதிரைப்படைக்கு அஞ்சி, 1770-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்பெனி அந்த மதிலை எழுப்பியது. மேற்குப் பக்கத்தில் அதற்காக வரி போட நினைத்த நினைப்பு மட்டும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயரில் தங்கிவிட்டது. மதில் கட்டும் ஒப்பந்தத்தை எடுத்தவர் பால் பென்ஃபீல்ட். கம்பெனிக்குப் பொறியாளராக வந்து, ஒப்பந்தக்காரராகி, வட்டிக்குக் கடன் கொடுத்துக் கோடீஸ்வரரானவர். ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் சேப்பாக்கம் அரண்மனையை 1768-ல் கட்டியவரும் அவரே என்பது மரபாகச் சொல்லப்படுவது. கோட்டைக்குள்ளேயே அரண்மனை கட்ட நவாப் விரும்பினார், அது நடக்கவில்லை, கோட்டைக்குள் அரண்மனைத் தெரு என்ற பெயர்தான் மிச்சம். கோட்டைப் பீரங்கிகளின் நிழலில், கடலைப் பார்த்தபடி சேப்பாக்கத்தில் 117 ஏக்கரில் தோட்டமும் மாளிகையும் எழுந்தன. கலச மகால், ஹுமாயூன் மகால் என்று இரண்டு கட்டடங்கள். வளைவும் கும்மட்டமும் ஆங்கிலேயச் செங்கல் வேலையும் சேர்ந்த, பின்னால் இந்தோ-சரசெனிக் என்று பெயர் பெற்ற பாணிக்கு முன்னோடி.

நவாபின் கடன்கள் லண்டன் நாடாளுமன்றம் வரை போயின. 1785-ல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றி நிகழ்த்திய உரை புகழ் பெற்றது. பென்ஃபீல்ட் அதில் கடுமையாகத் தாக்கப்பட்டார். மாளிகை கட்டியவரும் கடன் கொடுத்தவரும் ஒருவரே என்றால் அந்த மாளிகை கடைசியில் யாருக்குப் போகும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். 1855-ல் கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசில்லாமல் இறந்தார். கம்பெனி பட்டத்தை ஒழித்தது. 1859-ல் அரண்மனையை ஏலம் போட்டு அரசே வாங்கிக்கொண்டது. வருவாய் வாரியம் உள்ளே வந்தது. பொறியியல் கல்லூரி 1920-ல் கிண்டிக்குப் போகும்வரை இங்கேதான் நடந்தது. கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் இரண்டு மகால்களுக்கும் நடுவே சிவந்த கோபுரத்தை எழுப்பி, புதிய அலுவலகங்களைச் சேர்த்தார். அவருடைய கை பட்ட காலத்தில் அலுவலகம் அரண்மனைக்கு அழகே சேர்த்தது என்று சொல்லலாம்.

கெடுதல் பிறகு வந்தது. கடற்கரைச் சாலையில் எழிலகமும் பொதுப்பணித் துறைக் கட்டடங்களும் எழுந்து அரண்மனையை மறைத்துவிட்டன. தினமும் அந்த வழியில் போகிறவர்களுக்கே உள்ளே ஓர் அரண்மனை இருப்பது தெரியாது. உயர்ந்த கூடங்களைப் பலகை அடித்துப் பல அறைகளாக்கினார்கள். பழுத்த காகிதக் கட்டுகள் கூரை வரை அடுக்கப்பட்டன. ஒவ்வொரு துறையும் தன் தேவைக்குத் தனித்தனியாக மின்கம்பி இழுத்தது. 2012 ஜனவரி 16 அதிகாலை, பொங்கல் விடுமுறையில், கலச மகால் தீப்பற்றியது. தொழில் வணிகம், சமூக நலம் முதலிய துறைகளின் அலுவலகங்கள் அப்போது அங்கே இருந்தன. தீயை அணைக்கப் போன அதிகாரி ஒருவர் கூரை சரிந்து உயிரிழந்தார். வேறு சிலர் படுகாயமடைந்தனர். ஒரு கட்டடத்தின் அலட்சியத்துக்கு மனித உயிர் விலையானது.

எரிந்த கட்டடத்தை இடித்துவிடலாம் என்ற பேச்சு அப்போது எழுந்தது. இடிக்காமல் மீட்கலாம் என்று தீர்மானித்ததுதான் இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் முடிவு. பொதுப்பணித் துறை பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தனிப் பிரிவை அமைத்தது. பழைய முறையிலேயே வேலை நடந்தது. சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்த்துப் புளிக்கவைத்த சாந்து. மாடித் தளத்துக்கு மெட்ராஸ் டெரஸ்: மர உத்தரங்களின் மேல் சிறிய மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தாக மூலைவாட்டத்தில் நெருக்கி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரையைக் கொட்டித் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது. சிமெண்டால் அவசரமாகப் பூசியிருந்தால் என்ன ஆகும்? சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். உப்போடு உள்ளே தங்கிய ஈரம் செங்கல்லைப் பொடியாக்கிவிடும். கடலோரச் சென்னையில் பழைய கட்டடங்களைக் கொன்றதில் நல்ல எண்ணத்தோடு பூசிய சிமெண்டுக்கும் பங்கு உண்டு.

2017 வாக்கில் கலச மகால் எழுந்து நின்றது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது அங்கேதான் இருக்கிறது. இங்கேதான் எண்ணூர் உள்ளே வருகிறது. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் கொட்டியது பற்றிய வழக்கு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்த எண்ணெய், அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியா — எல்லாம் அந்த அமர்வின் முன் வந்தவை. வலையில் எண்ணெய் ஒட்டிப் பிழைப்பிழந்த காட்டுக்குப்பம் மீனவர்களின் முறையீடு, நவாப் தர்பார் நடத்திய வளாகத்தில் கேட்கப்படுகிறது. கட்டடத்துக்கு இதைவிடத் தகுதியான புதுக் குடியிருப்பாளர் கிடைத்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். தீர்ப்பாயத்துக்கு அமைதியான கூடம் வேண்டும், பொதுமக்கள் வந்து போக வழி வேண்டும், உயரமான கூரையும் காற்றும் நன்மையே. கூடத்தைப் பலகை அடித்துக் கூறுபோட வேண்டிய அவசியம் இல்லை. ஹுமாயூன் மகாலையும் மீட்டு, அதில் விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அமைப்பதாக அரசு அறிவித்தது.

எதிர்த்திசையிலும் பயணம் நடந்திருக்கிறது. இராயப்பேட்டை அமீர் மகால் 1798-ல் கம்பெனியின் அலுவலகமாகக் கட்டப்பட்டு, பிறகு காவல் நீதிமன்றமாக இருந்து, 1870-களில் சிஷோம் மாற்றியமைத்த பின், நவாபின் உறவினர்களான ஆற்காடு இளவரசர் குடும்பத்தின் இல்லமானது. அரண்மனை அலுவலகமாக, அலுவலகம் அரண்மனையாக. குடும்பம் வாழ்கிற வீடு என்பதால் அது நன்றாகவே இருக்கிறது. புதுக்கோட்டையில் 1974-ல் மாவட்டம் பிறந்தபோது தொண்டைமான் மன்னரின் அரண்மனையே ஆட்சியர் அலுவலகமானது. ஒரே ஆட்சியரின் பொறுப்பில் ஒரே கட்டடம், இன்றும் கம்பீரமாக நிற்கிறது. மதுரை திருமலை நாயக்கர் மகால் நூறாண்டு நீதிமன்றமாக இருந்தது. சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்த்திராவிட்டால் இன்று சுற்றுலாவுக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபர் டைக் வாழ்ந்த பழைய பூங்கா வளாகமும் கச்சேரி எனப்படும் அரசு அலுவலகமும் போரில் சிதைந்தன. அங்கே குற்றம் குண்டுகளுடையது.

சட்டம் என்ன செய்தது? 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கோட்டையைக் காக்கிறது. 2010 திருத்தத்துக்குப் பின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. சேப்பாக்கம் போன்றவை மத்தியப் பட்டியலில் வராதவை. உயர் நீதிமன்றம் 2010-ல் தந்த தீர்ப்பில், நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த நானூற்றுக்கும் மேற்பட்ட சென்னைக் கட்டடங்களின் பட்டியலுக்கு மதிப்புக் கொடுத்து, பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவை அமைக்கச் சொன்னது. மாநில அரசு 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றியது; அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. பட்டியல் இடிப்பைத் தள்ளிப்போடும், அவ்வளவே. ஒழுகுகிற கூரைக்கு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டிய பணத்தைப் பட்டியல் கொடுக்காது. தீப்பிடித்த கலச மகால் யாரும் அறியாத கட்டடமல்ல. அதன் பெருமை எல்லாருக்கும் தெரிந்திருந்தும் அதன் மின்கம்பிகளை யாரும் பார்க்கவில்லை.

அலுவலகம் வேண்டாம் என்பது என் வாதமல்ல. மாளிகைகளை எல்லாம் அருங்காட்சியகம் ஆக்கவும் முடியாது. ஆக்கினால் பாதி பூட்டியே கிடக்கும். எந்த அலுவலகம் என்று தேர்ந்து வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கோப்புக் கிடங்கு வைக்கக் கூடாது, சமையல் கூடம் கூடாது, கூட்டம் கூட்டமாக ஆட்கள் நாள் முழுவதும் புழங்கும் சேவை மையம் கூடாது. ஒரு கட்டடத்துக்கு ஒரே துறை பொறுப்பு, அதன் தலைவர் பெயரில் ஆண்டுக் கணக்கு, மழைக்கு முன் கூரைச் சோதனை, வருடத்துக்கொருமுறை மின் சோதனை, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்குத் தொடர்ந்த கூலி — இவை இருந்தால் போதும். கலச மகால் வேலையில் பழகிய கொத்தனார்களை வேலை முடிந்ததும் கலைத்துவிட்டால், அடுத்த கட்டடத்துக்கு மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

வடசென்னைக்கு இது மிகவும் அவசரம். பாரம்பரியம் என்றால் மெரினா ஓரமும் மயிலாப்பூரும் என்று நகரம் நினைத்துப் பழகிவிட்டது. 1875-ல் தொடங்கிய துறைமுகச் சுவர்கள் தெற்கே மணலைச் சேர்த்து மெரினாவை அகலமாக்கின. வடக்கே மணல் வராமல் ராயபுரத்திலிருந்து கரை அரித்து, வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. தெற்கின் கம்பீரமான கட்டட வரிசைக்கு முன்னால் அந்த அகன்ற மணல் வெளி கிடைத்ததற்கு வடக்கு கொடுத்த விலை அது. மிஞ்சியவற்றுள் தலையாயது ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா நோக்கிப் புறப்பட்டது அங்கிருந்துதான். அதன் தூண் முகப்பு இன்னும் நிற்கிறது.

ராயபுரத்தை நகரின் இன்னொரு பெரிய முனையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. அது நியாயமான கோரிக்கை; வடசென்னை மக்களுக்கு ரயில் வேண்டும். அந்தத் திட்டம் வரும்போது பழைய நிலையத்தைச் சரக்கு அறையாகவோ பூட்டிய காட்சிப் பொருளாகவோ ஆக்காமல், பயணச்சீட்டு வாங்குகிற, காத்திருக்கிற கூடமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பராமரிப்புக்கு ரயில்வே கோட்டத்தில் ஓர் அதிகாரியின் பெயர் குறிக்கப்பட வேண்டும். மாடிப் பூங்காவின் மதிலுக்கும் அப்படியே: மாநகராட்சியா, தொல்லியல் துறையா என்று முதலில் தீர்மானித்து, மழைக்காலம் தொடங்குமுன் அந்தச் சுவரில் முளைத்திருக்கும் செடிகளைப் பிடுங்க ஆள் அனுப்ப வேண்டும்.